இரண்டு பக்கமும் கதை இருந்த தாள்

என் அத்தை சாமுண்டீஸ்வரிக்கு வெள்ளிக்கிழமை என்றால் சாமி நாள் இல்லை, பத்திரிகை நாள். மாமா எத்திராஜ் கத்தரிக்காய் மூட்டைகளைப் பட்டணத்துச் சந்தையில் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்புவார். வண்டி காட்டுப்பாக்கம் வந்து சேரும் முன்பே அத்தை தெருமுனையில் நிற்பாள். புருஷனுக்காக நிற்கிறாள் என்று ஊரே மெச்சியது. மாமாவுக்கு உண்மை தெரியும். மாட்டை அவிழ்க்கும் முன்பே, "இந்தா, உன் ராசா ராணி" என்று பத்திரிகையை அவள் கையில் போட்டுவிடுவார்.

நாற்பத்திரண்டாம் வருஷம், யுத்த காலம். பட்டணத்தில் குண்டு விழும் என்று பாதி ஜனம் மூட்டை கட்டி ஓடிக்கொண்டிருந்தது. அத்தைக்கு ஒரே கவலைதான்: குண்டு விழுந்தால் பத்திரிகை நின்றுவிடுமே!

அந்தப் பத்திரிகையில் இரண்டு சரித்திரக் காதல் கதைகள் தொடராக வந்தன. ஒன்று செஞ்சிக் கோட்டைக் கதை. குதிரைப்படைத் தலைவன் வீரசிம்மனுக்கும் கோட்டைத் தலைவன் மகள் கனகாம்பிகைக்கும் காதல். அது அத்தையின் கதை. இன்னொன்று கொற்கைக் கதை. முத்துக்குளிக்கும் நெடுவேலனுக்கும் பாண்டியன் மகள் அலர்மேனிக்கும் காதல். அது என் அம்மா தாட்சாயிணியின் கதை. அம்மா எத்திராஜ் மாமாவின் தங்கை. அப்போது அவளுக்குப் பதினேழு வயது, கல்யாணம் ஆகவில்லை. அண்ணியும் நாத்தனாருமாக இருவரும் ஐந்தாவது வரை படித்தவர்கள். ஐந்தாவது படித்தவர்களுக்கு இருக்கிற படிப்பு வெறி பி.ஏ. படித்தவனுக்கு இருக்காது. இது நான் கண்ணால் கண்டது.

ஒருத்தி உரக்கப் படிப்பாள், மற்றவள் வம்புக்கு இழுப்பாள்.

"உன் வீரசிம்மன் குதிரைமேல ஏறவே மூணு வாரம் ஆச்சே அண்ணி. அதுக்குள்ள எங்க அண்ணாத்தே மூணு தபா பட்டணம் போயிட்டு வந்துட்டாரு."

"உன் ஆளு மட்டும் இன்னாவாம்? எப்ப பாரு தண்ணிக்குள்ளியே கீறான். சளி புடிக்காது?"

சிரித்துச் சிரித்தே குழம்பு அடிப்பிடித்த வெள்ளிக்கிழமைகள் எத்தனையோ. மாமா அதையும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார்.

தொடர்கதைப் பைத்தியங்கள் எல்லாம் அந்நாளில் செய்ததையே இவர்களும் செய்தார்கள். வாராவாரம் தங்கள் கதையின் தாள்களை மட்டும் கிழித்துச் சேர்த்தார்கள். கதை முடிந்ததும் பூந்தமல்லி பைண்டரிடம் கொடுத்தால் அட்டை போட்டுப் புத்தகமாக்கித் தருவார். அத்தையின் தாள்கள் துணி சுற்றிப் பரணில் இருந்தன. அம்மாவுடையவை தகரப்பெட்டியில் இருந்தன.

அப்புறம் வந்தது காகிதப் பஞ்சம். பத்திரிகை இளைத்துத் துரும்பானது. இடையில் இருந்த சமையல் குறிப்பும் சிரிப்புத் துணுக்கும் போய்விட்டன. அந்தந்த வாரத்துச் செஞ்சிக் கதை முடிகிற பக்கத்தின் பின்பக்கத்திலேயே கொற்கைக் கதை தொடங்கியது. முதல் வாரம் அத்தை இதைக் கவனிக்காமல் வழக்கம்போல் கிழித்துவிட்டாள்.

"அய்யோ, எங்க அலர்மேனி உன் தாளுக்குப் பின்னால கீறா! குடு அண்ணி!"

"குடுத்தா என் கோட்டை போயிடும்டி!"

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் சமாதானம் ஆயிற்று. தாள் ஒரு வாரம் அத்தைக்கு, மறு வாரம் அம்மாவுக்கு. தாளை எடுத்துக்கொள்கிறவள் அதன் பின்பக்கத்தை மற்றவளுக்குக் கையால் எழுதித் தரவேண்டும். "ஒரு எழுத்து கூட்டினாலும் கொறைச்சாலும் மாரியாத்தா கண்ணைக் குத்தணும்" என்று இருவரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

வினையே அங்கேதான் ஆரம்பித்தது. கண்ணால் படித்தால் ஓடிவிடுகிற கதை, கையால் எழுதினால் வரிக்கு வரி நின்று மூச்சு வாங்க வைக்கிறது. யாரைக் கேலி செய்தாளோ அந்த நெடுவேலன்மேல் அத்தை உயிரையே வைத்துவிட்டாள். ஒருநாள் எழுதிக்கொண்டிருந்தவள், "டேய், பின்னால பாருடா, சுறா வருது!" என்று கத்தியதைக் கேட்டு, வீட்டுக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்று மாமா தார்க்கோலோடு ஓடிவந்தார்.

நாற்பத்திநாலு தை மாதத்தில் அம்மாவுக்குக் கல்யாணம். பருத்திப்பட்டில் வரதன் என்பவருக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வாழ்க்கைப்பட்டுப் போனாள். அந்த வீட்டில் பத்திரிகை வாங்குகிற வழக்கம் இல்லை. அத்தைதான் அந்தப் பக்கம் போகிற வண்டிக்காரர்களிடம் வாராவாரம் தாளையோ எழுதின நகலையோ கொடுத்தனுப்பினாள். சித்திரையில் இரண்டு கதைகளும் உச்சத்துக்கு வந்தன. நெடுவேலன் புயலில் கடலில் குதித்தான். தோணி உடைந்தது. தொடரும் என்று போட்டுவிட்டார்கள்!

அந்த வாரமே அம்மாவிடமிருந்து சீட்டு வந்தது. "மாமியார் நல்லவங்க. தண்ணிக்கு ரொம்ப தூரம் போகணும். நெடுவேலன் கரை ஏறினானா? அதை உடனே எழுது."

கடைசி இதழ் வந்தது. இரண்டு கதைக்கும் முற்றும். தாள் அத்தையின் முறை. முன்பக்கத்தில் வீரசிம்மனுக்கும் கனகாம்பிகைக்கும் கல்யாணம், அதுவும் படத்தோடு. அத்தை அடுப்படியிலேயே ஒரு சுற்று சுற்றி ஆடினாள். பிறகு தாளைத் திருப்பினாள். நெடுவேலனின் உடல் கரை ஒதுங்கியது. அத்தை வாய்விட்டு அழுதாள்.

அழுதுகொண்டே நகல் எழுத உட்கார்ந்தாள். அலை, காற்று, மின்னல் எல்லாம் எழுத்துப் பிசகாமல் எழுதினாள். உடல் என்ற சொல் வந்ததும் கை ஓடவில்லை. புது இடத்தில் தண்ணீர்க்குடத்தோடு நடக்கிற நாத்தனாரை நினைத்தாள். "நெடுவேலன் கரை ஏறினான். அலர்மேனி ஓடி வந்தாள். இருவரும் இன்பமாக வாழ்ந்தார்கள்" என்று எழுதி முடித்து, மனம் மாறும் முன் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டாள்.

அப்புறம்தான் பயம் பிடித்தது. அந்தச் சித்திரையில் ஊரெல்லாம் கண்வலி. அத்தைக்கும் வந்தது. மற்றவர்கள் வெயில் என்றார்கள். அவளுக்கு மட்டும் காரணம் தெரியும். ஆடி பிறந்தால் புதுப்பெண் தாய்வீட்டுக்கு வருவாள், தாளைக் கேட்பாள். கட்டிக்கொண்டு வந்த ஊரில் அத்தைக்கு இருந்த ஒரே சிநேகிதி அம்மாதான். அவளும் பேசாமல் போய்விட்டால் வெள்ளிக்கிழமை வந்து என்ன, வராவிட்டால் என்ன?

ஆடி பிறந்தது, அம்மாவும் வந்தாள். வந்தவள் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"எங்க அண்ணி அந்தத் தாளு?"

அத்தை எடுத்துக் கொடுத்தாள். அம்மா நின்றபடியே படித்தாள்.

"இவன் செத்துட்டான் அண்ணி."

"ஆமா."

"சத்தியம் பண்ணியே."

"பண்ணேன். எழுத முடியல தாட்சா. புது எடத்துல நீ ஒண்டியா குந்திகினு அழுவியேன்னு நெனைச்சேன். எனக்கே தாங்கல. வேணும்னா ரெண்டு அடி அடி. பேசாம மட்டும் இருந்துடாதே."

அம்மா பெட்டியைத் திறந்து அத்தை எழுதின நகலை எடுத்தாள். படித்துப் படித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

"இதைப் படிச்ச அன்னிக்கே தெரியும், இது உன் கைவேலைன்னு. கதை எழுதறவரு பொழுது விடியறதுக்கே அரைப்பக்கம் எழுதுவாரு. நீ ஒரே வரியில கரை ஏத்திட்டே."

"தெரிஞ்சும் ஏண்டி கேக்கல?"

"கேட்டா செத்துடுவானே அண்ணி."

அத்தை அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் நன்றாக அழுதார்கள். முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டது அம்மாதான். அச்சுத்தாளை அத்தையின் மடியில் போட்டாள்.

"இது உனக்கே இருக்கட்டும். என் பொஸ்தவத்துல உன் எழுத்துதான். ஆனா அவன் கரை ஏறினான், அவ ஓடியாந்தா, சரி. ரெண்டு பேரும் இன்னா பேசினாங்க? மூணு மாசமா மண்டை காயுது. குந்து, எழுது."

"நானா?"

"பின்ன யாரு? மொதல்ல அவன் தலை தொவட்ட ஒரு துணி குடுக்கச் சொல்லு."

"பாண்டியன் பொண்ணு அதெல்லாம் செய்வாளாடி?"

"செய்வா அண்ணி. எழுது."