துவக்குக்குப் பூட்டிய வெளிச்சம்

அந்தத் துவக்கு என் பெயரில் இருந்தது. என் கரைச்சல் எல்லாம் அதில்தான் தொடங்கியது.

கியூபெக்கில், ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மகளோடு தேவாலயப் பூசைக்குப் போயிருந்த நேரம், உடைத்துப் புகுந்தார்கள். பொலிஸ் வந்து நிலக்கீழ் அறையின் உடைந்த ஜன்னலைப் பார்த்து, ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போனதோடு சரி. அன்றிலிருந்து வீட்டில் ஒரு துவக்கு வேண்டும் என்று என் கணவர் பிடிவாதமாக நின்றார். துறைமுகத்தில் அவரோடு வேலை செய்த கியூபெக்காரர் ஒருவர், தாரா வேட்டைக்குப் போவதை விட்டுவிட்டதால், தன் பழைய பம்ப் ஷொட்கன் துப்பாக்கியைத் தரத் தயாராக இருந்தார். ஆனால் அனுமதிப் பத்திரத்துக்குப் பிரெஞ்சில் எழுதவேண்டிய சோதனையில் என் கணவர் இரண்டு தரம் தவறினார். மூன்றாம் தரம் என்னை அனுப்பினார். நான் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை செய்தேன். அங்கே நாள் முழுக்கப் பிரெஞ்சுதான். சோதனை சுலபமாக இருந்தது. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து மன்னாரை விட்டு வந்த நான், கடைசியில் துவக்குக்காரி ஆனேன்.

அடுத்த வாரமே அவருக்கு இன்னொரு யோசனை. "நிலக்கீழ் அறை இருட்டு. ஆள் ஆரெண்டு தெரியாமல் என்னண்டு சுடுறது? குழலில ஒரு லைற் பூட்டவேணும். நீர்தான் பார்த்து வாங்கவேணும், உம்முடைய பேரிலதானே கிடக்கு."

வேட்டைச் சாமான் கடையில் கேள்வி கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது என் கணவருக்கு. அவர் ஒன்றும் விளங்காமல் தலையாட்ட, நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். துவக்குக்கு லைற் எதற்கு என்று கடைக்காரர் சந்தேகத்தோடு கேட்டார். இரவில் வெளிச்சம் அடித்து வேட்டையாடுவது குற்றம் என்றார். வேட்டைக்கு இல்லை, வீட்டுக்கு என்றேன். அவர் முகம் இன்னும் இறுகியது. வீட்டில் துவக்கைப் பூட்டித்தான் வைக்கவேண்டும், தோட்டாவை வேறாக வைக்கவேண்டும் என்று சோதனையில் நான் எழுதிய பாடத்தையே எனக்குத் திருப்பி ஒப்புவித்தார்.

முதல் லைற் ஒரு சாதாரண அலுமினிய டோர்ச். நகரத்துக்கு வெளியே சுடும் பயிற்சித் திடலுக்கு ஒரு மணித்தியாலம் கார் ஓடிப் போனோம். எட்டாவது வெடியில், துவக்கு பின்னுக்கு உதைத்த உதை தாங்காமல் பல்ப்பின் இழை அறுந்தது. பல்ப் உதையைத் தாங்கும் என்று சொல்லி விற்ற இரண்டாவது லைற்றில் பல்ப் தாங்கியது, பிடி தாங்கவில்லை. திருகாணிகள் இளகி, லைற் குழலின் நுனிக்கு வழுக்கிப் போய், கண்ணாடி புகையில் கறுத்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், நாங்கள் பூட்டியது பிழையாம். ஒவ்வொரு முறையும் என்னுடைய ஒரு லீவு நாள் போனது. திடலில் என் தோள் நீலம் பாய்ந்தது. என் கணவர் பின்னால் நின்று திருகாணியை இறுக்கவில்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது, அப்போதுதான் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்த எல்இடி லைற். அறுந்துபோக இழை இல்லை, உள்ளே ரப்பர் வளையம், தடித்த உடம்பு. ஐம்பது வெடிக்கும் அசையவில்லை. என் கணவர் அன்று கார் ஓடும்போது பாட்டுப் பாடினார். எனக்கும், சரி, தொல்லை தீர்ந்தது என்றிருந்தது.

அதற்கடுத்த கிழமை, பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், நிலக்கீழ் அறையின் திரைகளை மூடி, படிக்கட்டு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பார்க்கச் சொன்னார். துவக்குக்குள் தோட்டா இல்லை என்று இரண்டு தரம் திறந்து பார்த்தேன். பிறகு தோளில் வைத்து லைற்றை அழுத்தினேன்.

படியில் என் மகள் நின்றாள். பனியால் பள்ளிக்கூடத்தை நேரத்தோடு விட்டிருந்தார்கள். நாங்கள் கதவுச் சத்தத்தைக் கேட்கவில்லை. தொப்பியில் பனி அப்படியே இருந்தது. ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "நான்தான், அம்மா" என்று பிரெஞ்சில் சொன்னாள். வெளிச்சம் அவள் முகத்தில் இருந்தது. குழலும் அங்கேதான் இருந்தது.

நான் துவக்கைக் கீழே வைத்தேன். அதை எடுத்து வைத்துப் பூட்டியது அவர்தான்.

"வெறும் துவக்குத்தானே. என்ன நடந்துபோச்சு இப்ப?" என்றார்.

"ஆரெண்டு பாக்கிறதுக்கே, முதல் அவையின்ர முகத்துக்கு நேரே துவக்கைப் பிடிக்கவேணும். இதுக்கோ இவ்வளவு நாளும் அலைஞ்சனாங்கள்?" என்றேன். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தைவிட என்மேல்தான் கூடக் கோபம். எந்த லைற் உதையைத் தாங்கும் என்று மாதக்கணக்காக விசாரித்திருந்தேன். இதை ஒரு தரமும் யோசிக்கவில்லை.

வசந்தத்துக்கு முன்னர் துவக்கை அனுமதிப் பத்திரம் உள்ள ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன், லைற்றோடு சேர்த்து. ஜன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டோம். நல்ல சாமானை வீணாக்கிவிட்டேன் என்று என் கணவர் கன நாள் சொல்லித் திரிந்தார். மகள் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கொஞ்சக் காலம், கீழே இறங்க முன்னர் மேல் படியில் நின்று, தான் வருவதாகக் குரல் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவாள்.