ஹரப்பா தொடரும் என் கைட் குரலும்

1. வாய்ஸ் டெஸ்ட்

ரவீந்திரன் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்த முதல் நாளே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. மைக் முன்னால் உட்கார்ந்து, 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணினான். லெவல் பார்ப்பதற்காக எல்லோரையும் எண்ணச் சொல்வோம். அவன் எண்ணியதைக் கேட்டு, பக்கத்தில் நின்ற பாஸ் கண்ணை மூடி ரசித்தார். நான் அதே மைக்கில் பல வருஷம் எண்ணியிருக்கிறேன். எனக்காக அவர் ஒரு நாளும் கண்ணை மூடியதில்லை.

எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஸ்டூடியோ. நான் அங்கே சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். மசாலாத்தூள், சோப்பு விளம்பரங்களில் ஓடிக்கொண்டிருந்த எங்களுக்கு டிவி வேலை ஒன்று கிடைத்தது. சிந்து சமவெளி நாகரிகத்தைப் பற்றிய வெளிநாட்டு ஆவணத் தொடர், வாரம் ஒரு பகுதி. ஆங்கில வர்ணனையை எடுத்துவிட்டுத் தமிழில் வர்ணனை போட வேண்டும்.

இந்தத் தொழிலுக்குப் புதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படம் ஓடும் நேரத்துக்குள் தமிழ் வாக்கியம் அடங்குகிறதா என்று பார்க்க, முதலில் ஒருவர் முழுவதையும் படித்துப் பதிவு செய்வார். அதுதான் கைட் டிராக். உண்மையான குரல் பதிவானதும் கைடை அழித்துவிட்டு, அதே டேப்பை மறுபடி எடுத்துக்கொள்வோம். கைட் படிப்பவனும் நான், அழிப்பவனும் நான். ஸ்டூடியோவுக்குப் பின்னால் ரயில் பாதை. ரயில் போகும்போது ரெக்கார்டிங்கை நிறுத்திக் காத்திருப்போம். கைடுக்கு மட்டும் நிறுத்துவதில்லை, அதை யார் கேட்கப் போகிறார்கள்?

அந்தத் தொடருக்கு நானே குரல் கொடுக்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. வெட்கத்தை விட்டுப் பாஸிடம் கேட்டேன்.

"உன் குரல் நல்ல குரல்தான் குணா. ஆனா இந்த மாதிரி சப்ஜெக்டுக்குக் கொஞ்சம் வெயிட் வேணும் லா" என்றார்.

அந்த வெயிட்டைத்தான் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார். ரவீந்திரன் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளை, காலேஜில் விரிவுரையாளர், என்னைவிட வயதில் சின்னவன். போதாததற்கு, அவன் வீட்டில் பயிற்சி செய்ய ஒவ்வொரு வாரமும் என் கைடை ஒரே கேசட்டில், போன வாரத்துக் கைடின் மேலேயே பதிந்து கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

2. ஹெட்போனுக்குள் ஒருவன்

வாரா வாரம் அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பான், நான் இந்தப் பக்கம். அவன் குரல் ஹெட்போன் வழியாக நேராக என் மண்டைக்குள் இறங்கும். எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறான், எந்தச் சொல்லுக்கு முன்னால் தயங்குகிறான், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை எப்படித் தாழ்த்துகிறான் என்று எல்லாம் எனக்கு அத்துப்படி. அவனுடைய இருமலைப் பிளேடால் வெட்டி எடுத்து டேப்பை ஒட்டுவதும் நான்தான்.

கிள்ளானில் என் வீட்டில் ஞாயிறு தவறாமல் அந்தத் தொடரைப் பார்த்தார்கள். என் அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கூட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு எங்களோடு இருந்தார். மொகஞ்சதாரோவின் சாக்கடை அமைப்பைப் பார்த்து வாயைப் பிளந்தவர், "என்னா குரல்டா இந்தப் பையனுக்கு" என்று ஒவ்வொரு வாரமும் மறக்காமல் சொல்வார். என் மனைவி கமலாவும் தலையாட்டுவாள். சவுண்ட் நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு வயிறு எரியும்.

அவனிடம் ஏதாவது குறை இருந்தே தீர வேண்டும் என்று நினைத்தேன். குளிக்கும்போது அவன் படித்த வரிகளை அவன் மாதிரியே சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். பஸ்ஸிலும் உதடு அசையும். குறை மட்டும் அகப்படவில்லை.

3. கடைசிப் பகுதி

கடைசிப் பகுதியின் ஸ்கிரிப்டில் ஒரு வரி இருந்தது. ஹரப்பாவின் பழைய செங்கற்களை அள்ளிக்கொண்டு போய், வெள்ளைக்காரன் ரயில் பாதைக்கு அடியில் கொட்டினான் என்ற செய்தி. கைட் படித்துக்கொண்டே வந்தவன் அந்த வரியில் நின்றுவிட்டேன். என் அப்பா வெயிலிலும் மழையிலும் குனிந்து தண்டவாளத்துக்கு அடியில் கல் இடித்தவர். நான் பிறந்ததே ரயில்வே குவார்ட்டர்ஸில்தான். அந்த வரி எனக்குத்தான் சொந்தம், அதையும் அவன் வாயில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார்களே என்று ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே படித்து முடித்தேன். வழக்கம்போல் கேசட்டும் அவனுக்குப் போயிற்று.

ரெக்கார்டிங் அன்று ரவீந்திரனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. போனில் காற்றுதான் வந்தது. மறுநாள் டேப்பை டிவிக்காரர்களிடம் ஒப்படைத்தாக வேண்டும்.

பாஸ் என்னைப் பார்த்தார். "வேற ஆளு தேட டைம் இல்ல. நீயே படிச்சிரு. டைட்டில் கார்டுல அவன் பேருதான் இருக்கும், அத இனிமே மாத்த முடியாது."

பெயர் கிடக்கட்டும் என்றிருந்தது எனக்கு. அப்பா என் குரலைக் கேட்டால் போதாதா? உள்ளே போய் மைக் முன்னால் உட்கார்ந்தேன். ரயில் வந்தபோது நிறுத்தினோம், போன பிறகு தொடர்ந்தோம். செங்கல் வரியை முடித்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பாஸ் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

4. ஞாயிற்றுக்கிழமை

வீட்டில் சொல்லவில்லை. அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். படம் தொடங்கியது. குரல் வந்தது. நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். செங்கல் வரியும் வந்து போனது.

அப்பா மெதுவாகச் சொன்னார், "இன்னைக்குத்தான்டா இந்தப் பையன் ரொம்ப நல்லா படிச்சிருக்கான்."

"நான்தாம்பா படிச்சேன்" என்றேன்.

கமலா சிரித்துவிட்டாள். "சும்மா இருங்க, பேரு போடுறாங்க பாருங்க."

திரையில் ரவீந்திரன் பெயர் மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் என்னை வீழ்த்தியது அந்தப் பெயர் இல்லை. ஸ்பீக்கரில் கேட்டபோது எனக்கே அது அவன் குரலாகத்தான் இருந்தது. அவன் நிற்கும் இடத்தில் நின்று, அவன் தாழ்த்தும் சொல்லைத் தாழ்த்தி, மூச்சுகூட அவன் வாங்கும் இடத்தில்தான் வாங்கியிருந்தேன். கிடைத்த ஒரே வாய்ப்பில் நான் அவனாகிப் போயிருந்தேன்.

5. கேசட்

தொண்டை சரியானதும் ரவீந்திரன் ஸ்டூடியோவுக்கு வந்தான். டிவியில் கேட்டது நான் இல்லை என்று அவன் எவ்வளவு சொல்லியும் அவன் அம்மா நம்பவில்லையாம். நன்றி சொன்னான். ஆனால் முகம் சரியில்லை. என்னவென்று கேட்டேன்.

"கைட்ல படிச்ச மாதிரியே நீங்க படிச்சிருக்கலாம் அண்ணே. அந்தப் பிரிக் லைன நீங்க சொன்ன மாதிரி சொல்ல வீட்டுல எத்தனையோ தடவ டிரை பண்ணேன். வரல. எனக்கு ரொம்ப பொறாமையா இருந்துச்சு. கடைசில டிவியில பார்த்தா, நீங்க என்னை மாதிரியே படிக்கிறீங்க."

சட்டைப் பையிலிருந்து கேசட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். மற்ற கைட் டேப்புகளையெல்லாம் என் கையாலேயே அழித்திருந்தேன். மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

அன்று வீட்டுக்குப் போனதும் கேசட்டைப் போட்டேன். குரல் கொஞ்சம் கரகரத்தது, ஓரிடத்தில் தடுக்கியது. செங்கல் வரி வந்தபோது பின்னால் ரயில் ஒன்று போயிற்று, நான் ரயிலுக்காக நிறுத்தாமல் அதற்கு மேல் சத்தமாகப் படித்திருந்தேன்.

காப்பி குடித்துக்கொண்டிருந்த அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "டேய், இது நீதானடா? திரும்பப் போடு."

மூன்று தடவை போடச் சொன்னார்.

இத்தனை வருஷத்தில் கற்றது இதுதான். இந்தத் தொழிலில் பொறாமை வராமல் இருக்காது, வரட்டும். ஆனால் எவன்மேல் பொறாமையோ அவனையே காதுக்குள் ஓட விட்டுக்கொண்டிருந்தால், உங்கள் முறை வரும்போது அவன்தான் பேசுவான். கைட் படிக்கச் சொன்னால் ஒழுங்காகப் படியுங்கள். அழிப்பதற்கு முன்னால் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.