ஃபிரிட்ஜில் எப்போதும் இருக்க வேண்டிய பீர்

பனியன் எக்ஸ்போர்ட்டில் மெர்ச்சண்டைசருக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: நூல், துணி, பட்டன், லேபிள், அட்டைப்பெட்டி, பீர் எல்லாம் கேட்ட நேரத்தில் கேட்டபடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தப்பு நம்முடையது. கடைசிப் பொருளைப் பற்றி வேலைக்குச் சேரும்போது யாரும் மூச்சு விடமாட்டார்கள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக ஜீவன்களே, உங்களுக்குத் தெரியாதது இல்லை. வெளிநாட்டுக்காரரை வீட்டு சோபாவில் உட்கார வைத்துவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். என் வயிற்றெரிச்சலையும் கொஞ்சம் கேளுங்கள்.

பூஜையறை பார்த்த சாப்பாட்டு மேஜை

இரண்டாயிரங்களில் நான் திருப்பூரில் வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி, அவிநாசிபாளையம் பக்கம் தோட்டங்காடு உள்ள குடும்பத்துக்காரர். கவுச்சி கூடத் தொடமாட்டார். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் வந்து தங்குவதற்கு மார்பிள் போட்டு கெஸ்ட் ஹவுஸ் கட்டினார். முதலில் பூஜையறைக்கு இடம் விட்டதில் சாப்பாட்டு மேஜை அதற்கு நேர் எதிரே வந்துவிட்டது. சாமி பார்க்க பாட்டிலைத் திறக்கக் கூடாது, வந்த விருந்தாளியின் தொண்டை காயவும் கூடாது. அதனால் பீர் மெர்ச்சண்டைசர்களின் வீட்டில் இருக்கும், சாயங்காலம் விருந்தாளியை வீட்டுக்குக் கூட்டிப் போய் உபசரிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

மெர்ச்சண்டைசர்கள் என்றால் நானும் சேவியரும்தான். நான் காங்கேயத்துக்காரன், சீனியர். சேவியர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து எனக்குப் பின்னால் சேர்ந்தவன். விருந்தாளி, ஹென்றிக் என்ற டென்மார்க்காரர். பையர் கம்பெனியின் குவாலிட்டி ஆள். ஒவ்வொரு ஷிப்மென்ட்டுக்கும் முன்னால் வந்து, பீஸ்களைப் புரட்டிப் பார்த்து பாஸ் போடுகிறவர்.

அந்த வருடம் ஜெர்மனியில் நடக்கும் ஜவுளி ஃபேருக்கு ஒரு மெர்ச்சண்டைசரைக் கூட்டிப் போவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஒருவர் என்றால் சீனியர்தானே? நான் பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். கோட் தைத்தாகிவிட்டது. என் மனைவி பூங்கொடி காங்கேயத்தில் ஒரு சீர் வீட்டில் சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம்தான் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, எப்போதும் போலத் தணிந்த குரலில் சொன்னார்:

"நம்ம ஹென்றிக்க யாரு நல்லாப் பாத்துக்கறீங்களோ, அவிங்களையே கூட்டிட்டுப் போறனுங்க."

ஊரே குடிக்கிற சரக்கு

முதல் சாயங்காலம் என் முறை. ஊரே எதைக் குடிக்கிறதோ அதுதான் நம்பிக்கையான பீர் என்பது அப்போது என் எண்ணம். திருப்பூரில் எந்த ஒயின்ஷாப் வாசலில் நின்று பார்த்தாலும் முக்கால்வாசிக் கைகளில் ஸ்ட்ராங் பீர்தான் இருக்கும். நாள் முழுக்க டையிங்கிலும் நிட்டிங்கிலும் நின்ற மனிதர்கள், சீக்கிரம் ஏற வேண்டும் என்று குடிக்கிறார்கள். நானும் அதையே வாங்கி ஃபிரிட்ஜில் அடுக்கினேன்.

ஹென்றிக் வெயிலில் அலைந்த தாகத்தில் ஒரு பாட்டிலைத் தண்ணீர் மாதிரி குடித்தார். அடுத்த பாட்டிலின் பாதியில், பூங்கொடி போட்ட வெங்காய பஜ்ஜித் தட்டை மடியில் வைத்தபடியே சோபாவில் தூங்கிப் போனார். மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்ஷனுக்கு உட்கார்ந்தவர், கழுத்துத் தையல் ஒரு நூல் விலகிய பீஸைக்கூட விடவில்லை. மொத்தச் சரக்கையும் திரும்பச் செக் பண்ணச் சொல்லிவிட்டார். செக்கிங் பெண்கள் சாப்பிடக்கூடப் போக முடியவில்லை. அவர்களுடைய சூப்பர்வைசர் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"ஏனுங் சார், நேத்து அவருக்கு உங்க ஊட்டுல என்னத்தைங்க ஊத்துனீங்க?"

நீலமூடி

அன்று சாயங்காலம் சேவியர் முறை. வேவு பார்க்கத்தான் நானும் கூடப் போனேன். லைன் வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை, யாரோ விற்றுவிட்டுப் போன ஃபிரிட்ஜ். மேல் தட்டில் பாலும் தோசை மாவும். கீழே நீல மூடி போட்ட லைட் பீர், வேறு பாட்டில் எதுவும் சேராமல் வரிசையாக. அதை நீலமூடி என்றே இங்கே சொல்லிவிடுகிறேன். ஒயின்ஷாப்களில் அடித்தட்டில் தூசி படிந்து நிற்குமே, அதேதான். இத்தனைக்கும் சேவியர் குடிக்கிறவனே இல்லை. அதுவும் என்னைக் குடைந்தது.

ஹென்றிக் நிதானமாகக் குடித்தார். வறுத்த கடலையைக் கொறித்தார். மகளின் போட்டோவை எடுத்துக் காட்டினார். மறுநாள் சிரித்த முகத்தோடு வந்து பாஸ் போட்டார். நானும் ஒரு கிளாஸ் குடித்துப் பார்த்தேன். ருசியில் விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. குறை கண்டுபிடிக்கத் தேடினேன், அதுவும் கிடைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. இதை எப்படிப் பிடித்தாய் என்று சேவியரைக் கேட்டேன்.

"இந்த ஊருல எல்லாரும் ஸ்ட்ராங்கத் தூக்கிட்டுப் போயிருதாவ அண்ணாச்சி. இது எந்தக் கடையிலயும் எந்நேரமும் கெடக்கும். தேதிய மட்டும் பாத்து வாங்கிக்கிடணும்."

கோயமுத்தூர் சாம்பிள்

அடுத்த ஷிப்மென்ட்டுக்குள் நான் சும்மா இருக்கவில்லை. பூங்கொடியின் தம்பி கோயமுத்தூரில் ஒரு பெரிய ஓட்டல் பாரில் வேலை பார்த்தான். அவனைப் பிடித்து, வெளிநாட்டுக் கோதுமைப் பீர் கொஞ்சம் வரவழைத்தேன். குட்டை பாட்டில், கழுத்தில் தங்கத்தாள். அதற்கென்று உயரமான கண்ணாடி கிளாஸ்களும் வாங்கினேன். வழக்கமாக எங்கள் வீட்டில் எவர்சில்வர் டம்ளர்தான்.

ஹென்றிக் கிளாஸை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கி, துணியில் ஷேடு பார்ப்பது போல் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அடுத்த தடவையும் இதே பீர்தான் வேண்டும் என்றார். மறுநாள் முதலாளியிடமும் போய் அதைச் சொன்னார். நான் தரையில் நடக்கவில்லை. சேவியர் மட்டும் காலி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. ஒருவழியாக அவனுக்கும் பொறாமை வந்துவிட்டது என்று நினைத்தேன். அவன் கேட்டது இதுதான்:

"அண்ணாச்சி, இது மறுபடி கெடைக்குமா?"

சனிக்கிழமை

கிடைக்கவில்லை. ஹென்றிக் அடுத்து வந்தபோது, அந்தப் பாரில் கோதுமைப் பீரையே நிறுத்தியிருந்தார்கள். மச்சான் அதை ஹென்றிக் வருகிற அன்றைக்குத்தான் போனில் சொன்னான். அன்று சனிக்கிழமை. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள் என்று உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒயின்ஷாப் பக்கம் வண்டி நிறுத்தக்கூட இடம் இருக்காது.

ஹென்றிக்கை சோபாவில் உட்கார வைத்துவிட்டு நான் கடை கடையாக அலைந்தேன். கோதுமைப் பீர் என்று கேட்டதற்கு, பல்லடம் ரோட்டுக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "பேரு சொல்லிக் கேக்காதீங்க, இருக்கறத வாங்கிட்டுப் போங்க, கூலிங்கும் இல்லீங்க" என்றார். அவருக்குப் பின்னால் அடித்தட்டில் நீலமூடி வரிசையாக நின்றது. பார்த்தேன். சேவியருடைய பீரைக் காசு கொடுத்து வாங்குவதா? வாங்கவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால், என் சோபாவில் ஹென்றிக், என் உயரமான கிளாஸில் ஜில்லென்ற நீலமூடி, பக்கத்தில் சேவியர். நான் பூங்கொடியை முறைத்தேன். அவள் அசரவில்லை.

"உங்களுக்குப் போன் போட்டா எடுக்கலீங்க. அந்தத் தம்பிக்குப் போட்டேன், பையோட வந்து நிக்குது."

மீன் பெட்டி

அதற்கடுத்த வருகைக்குள் ஊரில் கரண்ட் கட் கடுமையாகிவிட்டது. ஹென்றிக் வந்த அன்று மத்தியானத்திலிருந்தே கரண்ட் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். என் ஃபிரிட்ஜும் சூடு, அவன் ஃபிரிட்ஜும் சூடு. சூடான பீரில் சீனியர் என்ன, ஜூனியர் என்ன? இரண்டு பேரும் சமம்.

சாயங்காலம் சேவியர் ஒரு தெர்மாகோல் பெட்டியை என் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்தான். மீன் மார்க்கெட்டில் கடை போட்டிருக்கும் சித்தப்பா மகனிடம் வாங்கியதாம். மூடியைத் திறந்தால் உள்ளே ஐஸ்கட்டி, ஐஸ்கட்டிக்குள் நீலமூடி. கூடவே சூரை மீன் வாசம் குப்பென்று அடித்தது. தொலைந்தான் என்று நினைத்து நான் ஒரு அடி பின்னால் நகர்ந்துகூட நின்றேன், காட்சி நன்றாகத் தெரியட்டும் என்று. ஹென்றிக் ஈர பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். அவர் அப்பா மீன்பிடிக்கிறவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"சேவியர்! ஸ்மெல்ஸ் லைக் மை ஃபாதர்ஸ் போட்!"

பல்க்

மறுநாள் காலையில் முதலாளி என்னை மட்டும் கூப்பிட்டார். டிபன் சாப்பிடும்போது ஹென்றிக் அவரிடம் அந்தத் தங்கத்தாள் பாட்டிலைப் பற்றி ஏக்கமாகக் கேட்டிருக்கிறார். போன தடவையும் இல்லை, இந்தத் தடவையும் இல்லையே என்று.

நம் தொழிலில் புதிதாகச் சேருகிற ஆளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. கடையில் அழகாக ஒரு நூல் கொஞ்சம் கிடைத்துவிட்டதென்று, அதில் சாம்பிள் பீஸ் தைத்துப் பையருக்கு அனுப்பக் கூடாது. அவருக்குப் பிடித்துப்போனால், ஆர்டர் மொத்தத்தையும், எங்கள் பேச்சில் பல்க்கை, அதே நூலில் கேட்பார். நாம் விழிப்போம். இந்தப் பாடத்தைச் சேவியருக்கே நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பீர் என்ன நிறம் என்றுகூடத் தெரியாத முதலாளி, நெற்றியில் திருநீறோடு உட்கார்ந்து, கொஞ்சமும் கோபமில்லாமல் கேட்டார்:

"தப்பா எடுத்துக்காதீங்க. பல்க்குல குடுக்க முடியாத சாம்பிள எதுக்குங்க காட்டுனீங்க?"

சேவியர் ஊரில் இல்லாத வாரம்

ஜெர்மனிக்குச் சேவியர் போனான். கோட் இல்லையே என்று அவன் தயங்கியபோது, என் கோட்டைக் கொடுக்கச் சொன்னது பூங்கொடி. எனக்கு அளவெடுத்துத் தைத்த கோட் அவனுக்கு ஒரு சுருக்கம் இல்லாமல் பொருந்தியது. சொந்தக்காரர்கள் காங்கேயத்திலிருந்து போன் செய்து, எப்போது விமானம் ஏறுகிறேன் என்று விசாரித்தார்கள். நான் பாதிப் போன்களை எடுக்கவில்லை.

முதலாளியும் சேவியரும் அங்கே இருந்த வாரம், ஹென்றிக் ஷிப்மென்ட் பார்க்க இங்கே வந்தார். ஒரு போட்டியும் இல்லாத சாயங்காலம், வீடு முழுக்க எனக்கு. மானத்தை ஓரமாக வைத்துவிட்டு, பல்லடம் ரோட்டுக் கடையில் நீலமூடியே வாங்கினேன். தேதி பார்த்து வாங்கினேன். முந்தின நாளே ஃபிரிட்ஜில் வைத்தேன். கரண்ட்டும் போகவில்லை. பூங்கொடி பள்ளிபாளையம் சிக்கன் வறுத்து வைத்திருந்தாள். என் வீடு, என் ஃபிரிட்ஜ், என் உயரமான கிளாஸ். இந்த ஒரு தடவையாவது மனிதர் என் பெயரைச் சொல்லி நன்றி சொல்லட்டும் என்று, பாட்டிலை நானே கையில் ஏந்திக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். ஹென்றிக் மூடியின் நிறத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, என் தோளில் ஓங்கித் தட்டினார்.

"ஆ! சேவியர்ஸ் பீர்!"

ஆகவே நண்பர்களே, வீட்டில் வாங்கி வைக்க நம்பிக்கையான பீர் எது என்று யார் கேட்டாலும் நான் நீலமூடியைத்தான் கை காட்டுவேன், அதன் பெயரை மட்டும் என் வாயால் சொல்லச் சொல்லாதீர்கள்.