கொற்கை வரப்பில் நான் வைத்த மூன்று சிப்பிகள்

1. ரவென்னாவை எனக்குச் சுற்றிக்காட்டிய வழிகாட்டியிடம், சிறுவயதில் கொற்கை வயல்களில் சிப்பி பொறுக்கியிருக்கிறேன் என்று சொன்னேன்.
2. அதுவரை நான் கொற்கைக்குப் போனதே இல்லை.
3. அந்த வயலைப் பார்ப்பதற்காக அவர் திருநெல்வேலிக்கு வந்தார்.
4. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கடையில் வாங்கிய மூன்று சிப்பிகளைக் கொற்கையில் ஒரு வரப்பில் வைத்துவிட்டு வந்தேன்.
5. புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டார்.
6. அந்தப் பெண் சொன்னதை வழிகாட்டியிடம் மாற்றிச் சொன்னேன்.

நான் இயந்திரப் பொறியாளர். ஒரு இயந்திரம் நின்றுபோனால் நடந்ததை வரிசையாக எழுதுவோம். எந்த இடத்தில் பிழை நுழைந்தது என்பது தெரிந்துவிடும். மேலே உள்ள பட்டியலைப் பல முறை எழுதிப் பார்த்தேன். முதல் வரியில் தொடங்கிய பிழைதான். ஆனால் எனக்குத் தூக்கம் வராமல் செய்வது ஆறாவது வரி.

கங்கைகொண்டான் பக்கம் நான் வேலை பார்க்கும் ஆலைக்கு இத்தாலியிலிருந்து ஒரு பொதி கட்டும் இயந்திரம் வாங்கினார்கள். அதைப் பழக ஆறு வாரம் என்னை அங்கே அனுப்பினார்கள். சனிக்கிழமைகளில் ரயிலேறி ரவென்னா என்ற பழைய நகரத்துக்குப் போவேன். கூட்டமாகக் கொடி பிடித்து நடத்திப்போகும் சுற்றுலா எனக்கு ஒத்துவராது. அதனால் ஒருவருக்கு ஒருவர் என்று மூன்று மணி நேரம் நடந்து காட்டும் வழிகாட்டியை ஏற்பாடு செய்துகொண்டேன். அகழாய்வு படித்தவர், ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. நான் ஏதாவது கேட்டு, அதற்கு விடை தெரியாவிட்டால், நடுத்தெருவில் நின்று "எனக்குத் தெரியாது" என்பார். பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்துக் கேள்வியை எழுதிக்கொள்வார். அடுத்த சனிக்கிழமை முதல் வேலை, அதற்கான பதில்.

ஒரு பழைய தேவாலயத்தின் சுவரில், வண்ணக் கல்துண்டுகள் பதித்துச் செய்த அரண்மனைப் படம் ஒன்றைக் காட்டினார். தூண்களுக்கு இடையே நின்ற மனிதர்களைப் பிற்காலத்து ஆட்சியில் பெயர்த்து எடுத்துவிட்டுத் திரைச்சீலை பதித்திருக்கிறார்கள். ஆனால் தூண்களின் மேல் இரண்டு மூன்று கைகள் மட்டும் இன்னும் இருக்கின்றன. "அழித்தவர்களுக்கு அவசரம். கைகளைக் கவனிக்கவில்லை" என்று சிரித்தார்.

மூன்றாவது சனிக்கிழமை ஊருக்கு வெளியே கூட்டிப்போனார். புல்வெளி, உழுத நிலம், நடுவில் ஒரு செங்கல் தேவாலயம். "நாம் நிற்கும் இடம் துறைமுகம். ரோமானியப் போர்க்கப்பல்கள் நின்றன. ஆறு மண்ணைக் கொண்டுவந்து போட்டது, கடல் போய்விட்டது" என்றார். பிறகு கேட்டார்: "உங்கள் பக்கம் இப்படி ஏதாவது இருக்கிறதா?"

எங்கள் பக்கம் எல்லோரும் சொல்லும் பதிலைச் சொன்னேன். கொற்கை. பாண்டியர் துறைமுகம், முத்துக் குளித்த இடம், தாமிரபரணி மண் மூடி இப்போது கடல் தள்ளிப் போய்விட்டது. பள்ளியில் இரண்டு மதிப்பெண் கேள்வி அது. மாவட்டம் பிரிந்து எத்தனையோ வருடம் ஆன பிறகும் கொற்கையை நாங்கள் "நம்ம ஊரு" என்றுதான் சொல்வோம். ஆனால் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு ஏரல் பேருந்தில் ஏறி அங்கே போய்ப் பார்க்கத் தோன்றியதில்லை. அவர் கண்கள் விரிந்தன. குறிப்பேட்டை எடுத்தார். அந்த ஆர்வத்துக்கு இரண்டு மதிப்பெண் பதில் போதாது என்று பட்டது. சிப்பி பொறுக்கிய கதை அப்போதுதான் வாயில் வந்தது.

தை மாதம் கேரளத்துக்கு ஒரு கருத்தரங்குக்கு வந்தவர், எனக்காக இரண்டு நாள் ஒதுக்கினார். "நெல்லையப்பர் கோயிலை அப்புறம் பார்க்கலாம். முதலில் உன் வயல்" என்று எழுதியிருந்தார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திருச்செந்தூர்க் கடையில் சிப்பி மாலை ஒன்று வாங்கி, பகட்டில்லாத மூன்றைப் பிரித்தெடுத்தேன். பழையதாகத் தெரிய, டீத்தூள் கொதித்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்தேன். கோப்பதற்காகப் போட்டிருந்த துளைகளில் களிமண் அடைத்தேன். ஒன்றில் நீல நைலான் நூல் அறுந்து உள்ளேயே சிக்கிக்கொண்டது. அதையும் மண் வைத்து மூடினேன். ஆலையில் எந்த வேலையையும் இவ்வளவு சுத்தமாகச் செய்ததாக நினைவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கொற்கையை முதன்முதலாகப் பார்த்தேன். குளம், ஒரு பழைய வன்னி மரம், வாழை, நெல். வைத்த இடத்தைக் கைபேசியில் குறித்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் வாடகைக் காரில் போனோம். வரப்பில் அவர் எனக்கு முன்னால் நடந்தார். முதல் சிப்பியை அவரே கண்டுபிடித்தார். குனிந்து எடுத்து, ஊதி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "நீ சொன்னது போலவே" என்றார்.

பக்கத்து வயலில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண் அரிவாளோடு எழுந்து வந்தார்.

"ஏம்மா, போன ஞாயித்துக்கெளம இங்கன வந்து குனிஞ்சி குனிஞ்சி என்னத்தயோ வச்சிட்டுப் போனது நீங்கதான?"

நான் தோள்பையை முதுகுப் பக்கம் தள்ளினேன்.

"நீங்கதான். இந்தப் பைதான் தோள்ல கெடந்துச்சி. மூணு வச்சிய. ஒண்ண நான் எடுத்துட்டேன், நீலக் கயிறு கெடந்துச்சி அதுல. திருச்செந்தூர்க் கடைச் சரக்குல்லா?" அவர் குரலில் கோபம் இல்லை, வேடிக்கைதான் இருந்தது. "போன கோடையில குளத்துல மண்ணு அள்ளுனாவ. இடுப்பளவு தோண்டுனதுக்கே வண்டி வண்டியா சிப்பியும் சங்கும் வந்துச்சி. அம்புட்டையும் ரோட்டுக் குழியில கொட்டுனாவ. அத விட்டுட்டு கடையில வாங்கியாந்து வைக்கியளாக்கும்."

"என்ன சொல்கிறார்?" என்று வழிகாட்டி கேட்டார். குறிப்பேடு திறந்திருந்தது.

"இந்த வருடம் குளத்தில் தண்ணீர் நன்றாக இருக்கிறதாம்" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். அந்தப் பெண்ணைப் பார்த்துக் கைகூப்பிச் சிரித்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார்.

மறுநாள் அவரை மதுரை விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, கோவில்பட்டி தாண்டிய பிறகு, முந்தின நாளும் எங்களோடு வந்திருந்த ஓட்டுநர் பேசினார். வயலில் அவர் எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"யம்மா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"நீங்க கடைச் சிப்பி வச்சது உங்க பாடு. வண்டி ஓட்டுதவன் அதுல தலையிடப்படாது. ஆனா அந்தப் பொம்பள சொன்னது நல்ல சேதில்லா? குளத்துல சிப்பி கெடக்குன்னு. அதுக்குத்தான அந்தம்மா இம்புட்டுத் தூரம் வந்தது?"

நான் சன்னல் கண்ணாடியை இறக்கினேன். அவர் வானொலியைப் போட்டார்.

என் பொய்யைக் காப்பாற்ற, வழிகாட்டி தேடி வந்த உண்மையை அவர் காதில் விழாமல் நான் நிறுத்தினேன். குளத்துக்கும் நாங்கள் நின்ற வரப்புக்கும் இருநூறு அடிகூட இருக்காது.

மாசி கடைசியில் அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது, கூடவே ஒரு புகைப்படம். ரவென்னாவின் அந்த உழுத நிலத்தில், அவர் உள்ளங்கையில் என் சிப்பி. தன்னோடு நடக்க வருகிறவர்கள் எல்லோருக்கும் அதைக் காட்டுவதாகவும், கடல் விட்டுப்போன இன்னோர் ஊரில் ஒரு சிறுமி சிப்பி பொறுக்கிய கதையைச் சொல்வதாகவும் எழுதியிருந்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லியே பெயர் எடுத்தவர். துளையில் அடைத்த களிமண் ஒருநாள் காய்ந்து உதிரும். அவரோடு நடந்துகொண்டிருக்கும் யாராவது ஒருவர் அதைப் பார்ப்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கொற்கைக்குப் போனேன். அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கு அந்தம்மா சிரிச்சப்பவே நெனச்சேன், நீங்க வேற என்னமோ சொல்லுதியன்னு" என்றார். குளத்தங்கரையில் ஓர் இடத்தை அரிவாள் நுனியால் கிளறி, கறுத்த மண் ஒட்டிய ஐந்தாறு சிப்பிகளை என் கையில் போட்டார். "இத அனுப்புங்க. ஆனா சொல்லிட்டு அனுப்புங்க. சொல்லாம அனுப்புனா இதுவும் கடைச் சரக்குதான்."

சொல்லிவிட்டேன். இந்த ஆறு வரிகளையும் ஆங்கிலத்தில் எழுதி, அந்தப் பெண் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் கீழே சேர்த்து அனுப்பினேன். அனுப்பிப் பதினொரு நாள் ஆகிறது. பதில் வரவில்லை. குளத்துச் சிப்பிகள் கழுவப்படாமல் என் மேசையில் இருக்கின்றன. அவர் கேட்டால் அனுப்புவேன்.