பேர் இல்லாத மாத்திரை

அம்மாவின் முகம் உப்பத் தொடங்கியபோது எங்கள் நொச்சிக்குப்பத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். கன்னம் இரண்டும் உருண்டு வந்தன. தாடைக்குக் கீழே இன்னொரு தாடை தெரிந்தது.

"இன்னா கஸ்தூரி, புள்ள சம்பாரிக்கிறான்னு ஒடம்ப நல்லா ஏத்திகினு கீற போல?" என்பார் பக்கத்தில் மீன்கூடை வைத்திருக்கும் தேசம்மா அக்கா.

"நீயும் ஒன் புள்ளய படிக்க வையேன், ஏத்திக்கலாம்" என்பாள் அம்மா.

எனக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெருங்குடியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். எதையும் உடனே நம்பிவிடாத பழக்கம் படிப்போடு சேர்ந்து வந்துவிட்டது. முகம் பெருத்ததே தவிர, அம்மாவின் கையும் காலும் குச்சியாகவே இருந்தன. மீன் வெட்டும் பலகையில் லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் நீலம் பாய்ந்தது. சாப்பாட்டில் போட்ட சதை என்றால் முகத்தில் மட்டுமா போடும்?

அம்மாவுக்கு நீண்ட காலமாக முட்டி வலி. அதற்கு வீட்டுக்கு அருகே உள்ள மருந்துக்கடையில் 'மூட்டு செட்' வாங்கிப் போட்டுக்கொள்வாள். செட் என்பது எங்கள் பக்கத்து ஏற்பாடு. டாக்டர் சீட்டு வேண்டாம். ஜுரத்துக்கு ஒரு செட், உடம்பு வலிக்கு ஒரு செட், மூட்டுக்கு ஒரு செட். கடைக்காரர் இரண்டு மூன்று டப்பாக்களைத் திறந்து மாத்திரைகளைப் பொறுக்கி, சின்னக் காகித உறையில் போட்டு மடித்துத் தருவார். அட்டை இருக்காது, பேர் இருக்காது, பில் இருக்காது. அம்மாவின் செட்டில் ஒரு மஞ்சள், ஒரு பெரிய வெள்ளை, மிளகளவில் இன்னொரு வெள்ளை. அதைப் போட்டால்தான் விடியற்காலையில் மீன் எடுக்கப் போக முடியும், நாளெல்லாம் வெயிலில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியும். அவளுடைய கால்தான் எங்கள் வீட்டை நிற்க வைத்தது. அது எனக்கும் தெரியும்.

ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் ஒரு உறையை எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் வேறொரு மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே பர்வீன் என்ற மருந்தாளுநர் (மருந்தியல் படித்துப் பதிவு பெற்றவர்) இருந்தார். மாத்திரைகளை வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாருக்கு?"

"அம்மாவுக்கு."

"எவ்ளோ நாளா போடறாங்க?"

"வருஷக் கணக்கா."

"முகம் உப்பியிருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"அட்டை இல்லாத மாத்திரைய பாத்து இதுதான்னு சத்தியம் பண்ண முடியாது, தம்பி. சந்தேகம்தான் சொல்லலாம். இந்தச் சின்னது ஸ்டீராய்டா இருக்கலாம்" என்றார். (ஸ்டீராய்டு: வலியையும் வீக்கத்தையும் வேகமாக அடக்கும் ஹார்மோன் வகை மருந்து.)

"அப்ப இன்னிக்கே நிறுத்திடறேன்."

"அத மட்டும் பண்ணாதீங்க. இத்தன வருஷம் போட்டத படக்குனு நிறுத்தினா உசுருக்கே ஆபத்து. இந்தப் பொட்டலத்தோட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அவங்க படிப்படியா கொறைப்பாங்க. எப்ப வேணா இங்க கூட்டிட்டு வாங்க, பிரஷரும் சுகரும் பாத்து எழுதித் தரேன், டாக்டர்கிட்ட காட்டலாம்."

மாத்திரைகளைத் தன் கடை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. கெட்ட மாத்திரை என்கிறார், நிறுத்தாதே என்கிறார், இங்கே கூட்டிவா என்கிறார். ஒரு கடை வாடிக்கையை இன்னொரு கடைக்கு இழுக்க இப்படியும் ஒரு வழி உண்டோ என்று பஸ்ஸில் போகும்போது யோசித்துக்கொண்டே போனேன்.

சாயங்காலம் பழைய கடைக்காரரிடம் கேட்டேன். "அந்தச் சின்ன மாத்திர இன்னாண்ணே?"

"சத்து மாத்திரப்பா. உங்கம்மா மூஞ்ச பாத்தியா, எப்டி பளபளன்னு கீது!" என்று சிரித்தார். மாத்திரையின் பேரைக் கேட்டேன். "நீ படிச்சவன் ஆயிட்ட, இனிமே எங்கள எல்லாம் கேள்விதான் கேப்ப" என்றார். பேரை மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே அம்மாவிடம் சொன்னேன்.

"இவரு துன்னுன்றாரு. அந்தம்மா கெட்டதுன்னுது, ஆனா நிறுத்தாதன்னுது. ரெண்டு பேருக்கும் கடை ஓடணும்ல நைனா? ஆடித் திருவிழா முடியட்டும், நீ சொல்ற டாக்டராண்ட வரேன்" என்றாள். அவள் சொன்னதில் பாதி நானும் நினைத்ததுதான். பர்வீன் தந்த உறையை மேசைமேல் வைத்துவிட்டேன்.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கு முன் அம்மா காப்புக் கட்டிக்கொள்வாள். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் அது இறங்கும்வரை கவிச்சி கிடையாது, வெளியே பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது, காலில் செருப்பு கிடையாது. அந்த வருடம் வேண்டுதல் பெரிது; எனக்கு வேலை நிரந்தரமானதற்கு நேர்ந்துகொண்டது. விரதம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மாத்திரையையும் வெளிப்பொருள் கணக்கில் சேர்த்துவிட்டாள். எனக்குச் சொல்லவில்லை.

முதலில் சோர்வு. விரதம் என்றால் சோர்வு இருக்கும்தானே என்றார்கள். பிறகு குடித்த நீர்மோரும் வாந்தியாக வந்தது. ஒரு காலை, வீட்டு வாசலில் கூடையைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். கை ஜில்லென்று இருந்தது. கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டாள்.

"ஆத்தா எறங்கிட்டாடா, தொடாத" என்று தேசம்மா அக்கா மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக ஓடிவந்தார். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். எனக்கு அந்தச் சாமி மீதும் சந்தேகம், அந்தச் சோர்வு மீதும் சந்தேகம். மேசைமேல் கிடந்த உறையில் பர்வீன் கடையின் எண் அச்சாகியிருந்தது. கூப்பிட்டேன்.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "என்ன மாத்திரை போட்டாங்க" என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு: "எதையாவது நிறுத்தினாங்களா?"

அம்மாவின் காதருகே குனிந்து கேட்டேன்.

"காப்பு கட்னதுலேர்ந்து… தொடலடா" என்றாள்.

"தம்பி, கடைக்கு வராதீங்க. எங்கிட்ட வாங்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. நூத்தியெட்டக் கூப்பிடுங்க. ஆஸ்பத்திரில வேற கதை எதுவும் சொல்லாதீங்க. ரொம்ப நாளா ஸ்டீராய்டு போட்டுட்டு இருந்திருக்கலாம், திடீர்னு நிறுத்திட்டாங்க, இதத்தான் முதல்ல சொல்லணும். பொட்டலத்த கைல எடுத்துக்குங்க."

ஒரு கடைக்காரர் கடைக்கு வராதே என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் சொன்ன மற்றதையும் அப்படியே செய்தேன்.

அவசரப் பிரிவில் அந்த வாக்கியத்தைச் சொன்னதும் டியூட்டி டாக்டர் நிமிர்ந்தார். ரத்த அழுத்தம் பாதாளத்தில் இருந்தது. சர்க்கரையும் இறங்கியிருந்தது. நர்ஸ் ஊசி போட இடது கையைப் பிடித்தார். கண் திறக்க முடியாத அம்மா அந்தக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "காப்பு கட்ன கைல வேணாம்மா." நர்ஸ் மறுபக்கம் சுற்றிவந்து வலது கையில் ஏற்றினார். சலைனோடு சேர்ந்து அதே ஸ்டீராய்டு வகை மருந்துதான் உள்ளே போனது. எதனால் விழுந்தாளோ அதுவேதான் எழுப்ப வேண்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் அம்மா என்னை அடையாளம் கண்டு, "ஆபீசுக்குப் போலயா?" என்று திட்டினாள்.

டாக்டர் விளக்கினார். சிறுநீரகத்தின் மேல் அட்ரினல் என்று ஒரு சுரப்பி (ஹார்மோன் சுரக்கும் சின்ன உறுப்பு) இருக்கிறது. உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் சுரப்பு அதிலிருந்துதான் வருகிறது, விடியற்காலையில் அதிகமாக. வெளியிலிருந்து மாத்திரையாக வந்துகொண்டே இருந்தால் சுரப்பி வேலையை மறந்து தூங்கிவிடும். திடீரென்று மாத்திரை நின்றால் அது சட்டென்று விழிக்காது.

"எப்ப எழுந்திருக்கும், டாக்டர்?"

"மாசக் கணக்கா ஆகும். சிலருக்கு அதுக்கும் மேல."

பிறகு வந்தது நிதானமான காலம். காலையில் சாப்பிட்டதும் ஒரு மாத்திரை, இந்த முறை பேரோடு, அட்டையோடு. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். நாங்கள் பர்வீன் கடையில் வாங்கினோம். அவர் அம்மாவை உட்காரவைத்துப் பிரஷர் பார்ப்பார், சர்க்கரை பார்ப்பார். ஜுரமோ வாந்தியோ வந்தால் வீட்டிலேயே காத்திருக்காமல் டாக்டரைக் கேட்க வேண்டும், அப்போது அளவைக் கூட்ட வேண்டிவரும் என்று திரும்பத் திரும்பச் சொல்வார். "விரதமா இருந்தா முன்னாடியே சொல்லுங்கம்மா, நோன்புக்கு எங்க வீட்லயும் இதே தலைவலிதான்" என்று ஒருமுறை சொன்னார். அம்மா சிரித்துவிட்டாள்.

ஆனாலும் அவர் தரும் ஒவ்வொரு அட்டையையும் டாக்டர் சீட்டோடு எழுத்துக்கூட்டி ஒப்பிட்டுத்தான் வாங்கினேன், அவர் கண்ணெதிரிலேயே. "பாத்துட்டீங்களா? சரியா இருக்கா?" என்று பொறுமையாகக் காத்திருப்பார். இதே நிலையில் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். பேர் கேளுங்கள், அட்டையோடு கேளுங்கள், எதற்கு என்று கேளுங்கள். கோபப்படாமல் பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள். எந்த மாத்திரையையும் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள்; பக்தியிலும் வேண்டாம்.

பழைய கடையைப் பற்றிப் புகார் எழுதிப் போட்டேன். கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது. என் புகாரை யாராவது பிரித்தார்களா என்றுகூட எனக்குச் சந்தேகம்தான்.

அம்மாவின் முகம் மெல்ல வடிந்தது. கன்ன எலும்பு மறுபடி தெரிந்தது. இப்போது குப்பத்துக்குக் கவலை வந்துவிட்டது. "இன்னாடி இப்டி எளச்சிட்ட, எதுனா நோவா?" என்று தேசம்மா அக்கா கேட்டார். "நோவு போச்சி, அதான் எளச்சிட்டேன்" என்றாள் அம்மா. அக்காவுக்கு அது விளங்கவே இல்லை.

மாத்திரை முழுதும் நின்ற பிறகும் விடியற்காலையில் எனக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. அந்த நேரத்தில்தான் அவளுடைய சுரப்பியும் விழிக்க வேண்டும். விழித்ததா என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு அம்மாவின் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். முன்பெல்லாம் அவள் சத்தமே இல்லாமல் எழுந்து போய்விடுவாள். இப்போது கையைத் தரையில் ஊன்றி, "யம்மாடி… முட்டி" என்று முனகி, கொஞ்சம் நின்று, பிறகு கூடையை எடுக்கிறாள்.

இத்தனை வருடம் அடங்கியிருந்த வலி திரும்பிவிட்டது. அதற்கும் வைத்தியம் பார்க்கிறோம். ஆனால் அந்த முனகலைக் கேட்டதும்தான் எனக்கு மறுபடி தூக்கம் வருகிறது. அம்மாவின் உடம்பிலிருந்து வருகிறவற்றில் நான் சந்தேகப்படாத ஒன்று அதுதான்.