காரணம் கேட்காத கூட்டம்

என் மகளின் முகவாயில் மூன்று தையல். அதைப் போட வைத்தவன் நான். காலை ஷிப்ட் முடிந்து, ஒரு குவார்ட்டரை உள்ளே தள்ளிவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து அவளை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒரகடம் ரோட்டில் அத்தனை கண்டெய்னர் லாரிக்கும் ஒதுங்கி வந்த கெட்டிக்காரன், படப்பையில் எங்கள் தெருமுனை ஜல்லியில் சறுக்கி விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் என் மனைவி கத்தவில்லை. "இனிமே பாப்பா உன் வண்டில ஏற மாட்டா. நீ எங்கனா போ, எப்டினா போ," என்றாள். அன்றிலிருந்து கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போனால் அவர்கள் இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில், நான் பின்னால் வண்டியில் தனியாக. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தையல் பிரிக்கப் போன அன்று நர்ஸம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அண்ணே, கோச்சிக்காதீங்க. எங்க வூட்டுக்காரரு குடிய வுட்டு ஆறு வருஷம் ஆவுது. சர்ச் பின்னாடி ஸ்கூல்ல ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு ஒரு கூட்டம் நடக்குது, போய்ப் பாருங்க."

"ஜெபக் கூட்டமா?"

"ஜெபம்லாம் இல்ல. உங்கள மாதிரி ஆளுங்க ஒக்காந்து பேசிக்கினு இருப்பாங்க."

உங்கள மாதிரி ஆளுங்க என்றதும் சுருக்கென்றது. நான் எந்த மாதிரி ஆள்? வேலைக்குப் போகாமல் இருந்தேனா, ரோட்டில் விழுந்து கிடந்தேனா? ரோட்டில் விழுந்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

இரண்டு ஞாயிறு அந்த ஸ்கூல் கேட் வரை போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாவது ஞாயிறு உள்ளே போனேன். ஒன்றாம் வகுப்பு அறை. பத்துப் பன்னிரண்டு தடியர்கள் குட்டி பெஞ்சுகளில் முட்டியை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் பேசினார்கள்.

எங்கள் பிளான்ட்டில் ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் முன்னால் பத்து நிமிஷம் நின்றபடியே ஒரு கூட்டம் நடக்கும். முந்தின நாள் தப்பு செய்தவன் முன்னால் வந்து பெயர், டோக்கன் நம்பர், என்ன தப்பு, என்ன காரணம், இனி என்ன செய்வான் என்று ஒப்பிக்க வேண்டும். பதினோரு வருஷம் அதில் பழகின உடம்பு. என் முறை வந்ததும் எழுந்தேன், கையைப் பின்னால் கட்டினேன். பெயர், டோக்கன் நம்பர், வெல்டிங் லைன், ஏ ஷிப்ட் எல்லாம் சொன்னேன். "நேத்து ஒரு குவார்ட்டர் சார். காரணம், ஓ.டி. ஜாஸ்தி, ஒடம்பு வலி. இனிமே நடக்காது சார்."

பெஞ்சுகள் குலுங்கின. கூட்டத்தை நடத்தியவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், என் வயசுதான் இருக்கும். அவரும் சிரித்தார்.

"இங்க சார்லாம் யாரும் இல்ல, ஒக்காருங்க. நம்பர்லாம் வேணாம், பேரு போதும். காரணம் நாங்க கேக்கறதில்ல. எல்லார்கிட்டயும் மூட்ட மூட்டயா கீது."

உட்கார்ந்தேன். காரணம் வேண்டாம் என்றால் பிறகு எதைப் பேசுவது? அதை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் இருந்தது மகளின் முகவாய்தான். அதைச் சொன்னேன். யாரும் மெமோ கொடுக்கவில்லை, புத்தியும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். அப்பாடா என்றிருந்தது. அழுதேன், வெட்கமாகக்கூட இல்லை.

அன்றோடு திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது மாதம் ஒரு ஞாயிறு ஓ.டி. போட்டார்கள், கூட்டம் போச்சு. வரும் வழியில் ஒயின்ஷாப் வாசலில் வண்டி தானாக நின்றது என்று சொல்ல ஆசைதான். நிறுத்தியது நான்.

முன்பெல்லாம் பாக்கை மென்றுகொண்டு, பக்கத்தில் நின்றவன் குடித்திருந்தான் என்று அளப்பேன். அன்று வீட்டு வாசலிலேயே நின்று, "குடிச்சிட்டேன்," என்றேன்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "இன்னிக்கு இன்னா காரணம்?"

"ஒண்ணும் இல்ல. குடிச்சேன்."

அவள் சோற்றைப் போட்டாள். எங்கள் பத்து வருஷக் கல்யாணத்தில் குடியைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அது.

அதற்குப் பிறகு தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. முடியாது என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். கூட்டம் இருக்கிறது என்றதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. ஏதோ பிளாட் விற்கிற கூட்டம் என்று நினைத்திருப்பார், நினைத்துக்கொள்ளட்டும். இப்படியே ஏழு மாதம் ஓடியது. வண்டியைப் பற்றி வீட்டில் நான் பேச்சே எடுக்கவில்லை. கேட்டுவிடலாமா என்று நாக்கு துடிக்கும். கேட்டு அவள் மாட்டேன் என்றால் எனக்குத் தாங்காது.

போன மாதம் ஒரு காலை மகளுக்குப் பரீட்சை, எனக்கு மதிய ஷிப்ட். வழக்கமாக வரும் ஷேர் ஆட்டோ வரவில்லை. மனைவி இரண்டு தடவை தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீயே இட்டுக்கினு போ," என்றாள்.

வண்டியை வெளியே தள்ளினேன். மகள் ஏறவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, ஊது."

"ஏய், இன்னா பேச்சு இது?" என்று மனைவி அதட்டினாள்.

"வுடு," என்றேன். செக்கிங்கில் போலீஸ்காரர் ஊதச் சொன்னாலே சண்டைக்குப் போகிறவன் நான். வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டு, தெருவிலேயே முட்டி போட்டு, அவள் முகத்துக்கு நேராக ஊதினேன். கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள். அவசரமே படவில்லை. இன்னொரு தடவை என்றாள். ஊதினேன்.

"இட்லி," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஏறி உட்கார்ந்தாள்.