கிரகணம் விடும்வரை

நாங்கள் குடியேறியிருக்கும் மல்கிரேவில் அன்று மதியம் பகுதிச் சூரிய கிரகணம். நான் ஏழு மாத கர்ப்பிணி. பிரசவத்துக்குத் துணையாகத் திருச்சியிலிருந்து வந்திருந்த மாமியார், என்னைப் படுக்கையறையில் உட்கார வைத்து ஜன்னலைக் கம்பளியால் மூடிவிட்டார். பிள்ளைத்தாய்ச்சி மேல் கிரகணம் படக்கூடாதாம். பள்ளியில் அறிவியல் நடத்துகிற நான் சிரித்திருக்க வேண்டும். போன வருடம் ஒன்று தங்காமல் போயிருந்ததால் சிரிப்பு வரவில்லை. சொன்னபடி உட்கார்ந்தேன்.

பொழுது போகவில்லை. பாடத்துக்காக எடுத்து வைத்திருந்த ஓர் இங்கிலாந்து வானியலாளரின் கதையைப் போனில் படித்தேன். ஏறக்குறைய நானூறு வருடத்துக்கு முந்தைய ஆள். சூரியனின் முகத்தை வெள்ளி கடக்கப்போகிறது என்று, பெரிய தலைகள் கோட்டைவிட்ட கணக்கை இளம் வயதில் போட்டுச் சொன்னவர். அறையை இருட்டாக்கி, தொலைநோக்கி வழியாகச் சூரியனைக் காகிதத்தில் விழவைத்துக் காத்திருந்தார். நடுவில் தட்ட முடியாத கடமை ஒன்று வந்து எழுந்து போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது சூரியன் மறைய அரைமணி நேரம்தான் இருந்தது. வெள்ளி கறுப்புப் பொட்டாகக் காகிதத்தில் நின்றது.

பிற்காலத்தில் அதே காட்சியைப் பார்க்கப் புறப்பட்ட கப்பல்தான் நாங்கள் இருக்கும் இந்தத் தென்கோள நாட்டின் கிழக்குக் கரைக்கும் வந்தது. அதையெல்லாம் பார்க்க அந்த வானியலாளர் உயிரோடு இல்லை. நண்பரைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த நாளுக்கு முந்தின நாள், இருபத்திரண்டு வயதில், திடீரென்று இறந்துபோனார். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

அந்தக் கடைசி வரி பிடிக்கவில்லை. வயிற்றில் கை வைத்தேன். காலையிலிருந்து குழந்தை அசையவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குளிர்ந்த தண்ணீர் குடித்தேன், இடப்பக்கம் சாய்ந்து படுத்தேன். ஒன்றுமில்லை. கம்பளியின் சிறு ஓட்டை வழியே, கடித்துவைத்த பிஸ்கட் போலச் சூரியன் எதிர்ச்சுவரில் விழுந்திருந்தது.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். உடனே வரச் சொன்னார்கள். மாமியார் கதவை மறித்து நின்றார்.

"இப்பதாம்மா உச்சத்துல இருக்கு. கொஞ்சம் பொறு, விட்டதும் போயிரலாம்."

"அத்தை, அசையல."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வெளியே இறங்கினார். டாக்ஸிவரை குடையை என் தலைக்கு அல்ல, வயிற்றுக்குப் பிடித்தபடி வந்தார்.

நர்ஸ் கருவியை வயிற்றில் இங்கும் அங்கும் நகர்த்தினார். சத்தமே இல்லை. நான் செத்துப் பிழைத்தேன். பிறகு எங்கோ ஒரு மூலையிலிருந்து தடதடவென்று கேட்டது. இதயம்தான் என்றார் நர்ஸ். நன்றாக இருக்கிறதாம்.

நர்ஸ் போன பிறகும் மாமியார் குடையை விடவில்லை.

"என் மொதப் புள்ளைக்கு எல்லாம் ஒழுங்காத்தாம்மா செஞ்சேன். கிரகணத்தன்னைக்குக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடந்தேன். அது தங்கல."

என் கணவர்தான் அவருக்கு மூத்த பிள்ளை என்று அதுவரை நினைத்திருந்தேன்.